ஏழு வெந்நீர்க் கிணறுகள்

மாட்டுப்பட்டியில் தேயிலைத் தோட்டம் உண்டு. இலங்கையில் அட்டன் என்ற ஊரிலும் உண்டு. அங்கும் குளிர். அங்கும் தமிழ் பேசும் தொழிலாளர்கள்.

அட்டனில் ஓர் அம்மா இருந்தார். அவர் கணவர் இறந்து ஒரு மாதம் ஆனது. அம்மாவும் மகனும் கன்னியாவுக்குப் போனார்கள். கன்னியா திருகோணமலைக்கு அருகில் உள்ளது.

அங்கே 7 சிறிய கிணறுகள் இருந்தன. ஏழிலும் வெந்நீர் ஊறியது. சூடு ஒவ்வொன்றிலும் வேறு வேறு. இராவணனின் தாய்க்குக் கருமாதி செய்ய இவை உண்டாயின என்பது பழைய கதை. இறந்தவர்களுக்காக இங்கே வந்து கருமாதி செய்வது நெடுநாள் வழக்கம்.

"அடுப்பு இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுடுகிறது?" என்று அம்மா கேட்டார்.

"மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போகும். பூமிக்குள் ஆழம் போகப் போகச் சூடு அதிகம். அங்கே சூடாகி மேலே வருகிறது. பாறையில் உள்ள உப்புகளும் அதில் கரைந்து வரும்" என்றான் மகன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண்.

"இந்தத் தண்ணீரை ஊற்றினால் புண் ஆறுமாமே!" என்று வாளியைத் தூக்கினார்.

மகன் தடுத்தான். "வேண்டாம் அம்மா. சர்க்கரை நோய் வந்தால் காலில் உணர்ச்சி குறையும். சுடுவது தெரியாது. கால் வெந்து போகும். ஆஸ்பத்திரியில் சொன்னார்களே! அப்பாவும் கால் புண்ணைக் கவனிக்காமல் விட்டுத்தானே போனார்?"

அம்மா கண் கலங்கினார். வாளியைக் கீழே வைத்தார். கணவரை நினைத்துக் கை கூப்பினார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வெந்நீர் உடல் வலிக்கு இதம் தரும். சர்க்கரைப் புண்ணுக்கு மருந்து ஆகாது.

பேசுவோம்: உங்கள் வீட்டில் யாருக்காவது ஆறாத புண் உண்டா? சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்தீர்களா?