குரங்குக் குட்டியை வீட்டில் வளர்க்கலாமா?



ஆறும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த நம் தஞ்சை மாவட்டத்து ஊர்களில் குரங்கு புதிய பிராணியன்று. மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டு போகும். தோப்பில் குரும்பையைப் பறித்து வீசும். ஓட்டைப் பிரித்து அடுப்படிக்குள்ளும் இறங்கும். அப்போதெல்லாம் அதனைக் கல்லெடுத்து விரட்டுகிற நாமே, தாயை இழந்த குட்டியொன்று கைக்குக் கிடைத்துவிட்டால் மனம் இளகிவிடுகிறோம். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். சட்டை தைத்துப் போடுகிறார்கள். அத்தாவோ இடுப்பில் கயிறு கட்டித் திண்ணைத் தூணில் பிணைத்து விடுகிறார். சிலர் பணம் கொடுத்தே வாங்கி வருகிறார்கள். பிறகுதான், "ஹஜ்ரத், இது மார்க்கத்தில் ஆகுமா?" என்ற கேள்வி வருகிறது.

ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட சட்டம் மனதில் நிற்பதில்லை. எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

சபிக்கப்பட்ட இனமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். சனிக்கிழமையின் வரம்பை மீறிய பனூ இஸ்ராயீல்களில் ஒரு கூட்டத்தார் குரங்குகளாக்கப்பட்ட செய்தி திருக்குர்ஆனில் அல்பகரா, அல்அஃராஃப் ஆகிய சூராக்களில் வருகிறது. இதனைக் கேட்ட நம் மக்களிற் சிலர், இன்று காணும் குரங்குகள் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் என்று கருதி, அவற்றை அடிப்பதும் துன்புறுத்துவதும் நன்மை என்றுகூட நினைக்கிறார்கள். இது சரியன்று. உருமாற்றப்பட்ட சமூகத்திற்கு அல்லாஹ் சந்ததியை வைக்கவில்லை என்றும், குரங்குகள் அதற்கு முன்பும் இருந்தன என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கியிருப்பதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது.

பூமியில் ஊர்ந்து திரியும் பிராணிகளும் இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்பது அல்அன்ஆம் சூராவின் 38-வது ஆயத்து தரும் பாடம். குரங்கும் அப்படி ஒரு சமூகம். வெறுப்பினால் அதனைத் துன்புறுத்துவதும் தவறு; பிரியத்தினால் அதன் சமூகத்திலிருந்து பிரித்தெடுப்பதும் தவறு. இந்த இரண்டாவது தவறைத்தான் நாம் தவறென்றே உணருவதில்லை.

ஃபிக்ஹு கிதாபுகள் சொல்வது

குரங்கின் இறைச்சி உண்ணக்கூடாதது என்பது அறிந்த விஷயம். அதனை விற்பதும் வாங்குவதும் பற்றி இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளில், பிரயோஜனமுள்ள பிராணிகளை விற்கலாம் என்ற சட்டத்தின் கீழ், வேட்டைக்குச் சிறுத்தை, எலியை ஒழிக்கப் பூனை, காவலுக்குக் குரங்கு என்று உதாரணம் காட்டப்படுகிறது. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்து ஆகும், ஆகாது என இரண்டு ரிவாயத்துகள் உள்ளன. பதாயிஉஸ் ஸனாயிஃ என்னும் கிதாபில் இமாம் காஸானீ (ரஹ்) அவர்கள், ஆகாது என்பதையே சரியென்று கொள்கிறார்கள். மக்கள் அதனை வாங்குவது வீண் விளையாட்டுக்காகத்தான் என்பது அவர்கள் கூறும் காரணம். ஹன்பலீ மத்ஹபின் இப்னு அகீல் (ரஹ்) அவர்களும், விளையாட்டுக்காக என்றால் கூடாது, கடையையும் பொருளையும் காக்க என்றால் ஆகும் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. அனுமதித்த இமாம்கள் பிரயோஜனத்தைப் பார்த்தார்கள். தடுத்த இமாம்கள் வேடிக்கையைப் பார்த்தார்கள். மலேயாவில் கிளந்தான் பகுதியில் குரங்கைப் பழக்கித் தேங்காய் பறிக்கச் செய்வதை நம் ஊர்ச் சபுராளிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு பிரயோஜனம் என்றாவது வாதிக்கலாம். அந்த வேலையிலும் பிராணியை வதைக்காதிருப்பது கடமை என்பது வேறு விஷயம். நம் வீட்டுத் திண்ணையில் கட்டிக்கிடக்கும் குட்டிக்கு என்ன பிரயோஜனம் உண்டு? காவல் காக்கிறதா? இல்லை. பார்க்க வேடிக்கை என்பதைத் தவிர வேறில்லை. ஆகவே அனுமதித்த இமாம்களின் சொல்லை இதற்கு ஆதாரமாகக் கொண்டுவர முடியாது.

கப்பலில் மது விற்றவனிடம் ஒரு குரங்கு இருந்ததும், அவன் மதுவில் தண்ணீர் கலந்து சம்பாதித்த பணப்பையை அது பாய்மரத்தின் மேல் கொண்டுபோய், ஒரு தீனாரைக் கடலிலும் ஒரு தீனாரைக் கப்பலிலுமாக வீசியதும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது. முஸ்னது அஹ்மதில் அது பதிவாகியுள்ளது. பயான்களில் நீங்கள் கேட்டிருக்கலாம். சிலர் இதைக் காட்டி, அக்காலத்திலும் குரங்கு வளர்த்தார்களே என்பார்கள். அந்த வரலாறு கலப்படத்தைக் கண்டிக்க வந்தது. மோசடிக்காரனின் செயல் நமக்கு எப்படி ஆதாரமாகும்?

சுத்தம் பற்றிய மஸ்அலா

நம் பகுதியில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால் இதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நாயும் பன்றியும் அவற்றின் வழிவந்தவையும் தவிர மற்ற உயிருள்ள பிராணிகளின் உடலும் உமிழ்நீரும் சுத்தமானவை. எனவே குரங்கு தொட்ட உடை நஜீஸாகாது. ஹனஃபீ மத்ஹபில் அது வாய்வைத்து மிஞ்சிய தண்ணீர் நஜீஸ், ஒளுவுக்கு உதவாது. அதன் சிறுநீரும் மலமும் இரு மத்ஹபிலும் நஜீஸ்தான். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பாயிலும் முஸல்லாவிலும் தாவும் பிராணியை வைத்துக்கொண்டு தொழுகைக்குரிய சுத்தத்தைப் பேணுவது எவ்வளவு சிரமம் என்பதை வீட்டுப் பெண்களே நன்கறிவார்கள்.

தாயிடமிருந்து பிரிப்பது

இப்போது விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம். குரங்குக் குட்டி நம் கைக்கு எப்படி வருகிறது? அது பல மாதங்கள் தாய்ப்பால் குடித்து, தாயின் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வளர்வது. "குரங்குப் பிடி" என்று நாம் சொல்வது சும்மாவா? அந்தப் பிடியை விடுவித்துத் தாயே ஒருவர் கையில் தருவதில்லை. தாய் சாலையில் வாகனத்தில் அடிபட்டோ மின்கம்பியில் சிக்கியோ மாண்டிருக்க வேண்டும். இல்லையேல் விற்பவன் தாயைப் பிடித்தோ கொன்றோ பிரித்திருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்குகிறவர் அடுத்த குட்டியைப் பிடிக்கவும் அவனுக்குக் கூலி கொடுத்தவராகிறார்.

ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அங்கே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதனைத் தவிக்கவிட்டவர் யார் என்று கேட்டு, அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸை ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எடுத்தவர்கள் வதைக்கவில்லை, கொல்லவில்லை. ஆயினும் தாயின் தவிப்பே போதிய குற்றமாயிற்று.

"அபூ உமைர் என்ற சிறுவர் குருவி வளர்த்தாரே, நாயகம் (ஸல்) அவர்கள் அதைப்பற்றி அன்போடு விசாரித்தார்களே" என்று கேட்கலாம். உண்மைதான். தீனியும் தண்ணீரும் கொடுத்து, வதைக்காமல் பறவை வளர்ப்பது ஆகும் என்பதற்கு உலமாக்கள் அதனை ஆதாரமாகக் கொண்டார்கள். வதைக்காமல் என்ற ஷரத்தைக் கவனியுங்கள். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த ஹதீஸும் நம் முன் இருக்கிறது. "நாங்கள்தான் பாலும் பழமும் கொடுக்கிறோமே" என்பது பதிலாகாது. குரங்கின் தேவை உணவு மட்டுமன்று. கூட்டமாக வாழ்ந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்து, மரம் விட்டு மரம் தாவி வாழும்படி அல்லாஹ் அதனைப் படைத்திருக்கிறான். முழநீளக் கயிற்றில் தனித்துக் கிடப்பது அதற்குச் சிறைவாசம்.

வளர்ந்தபின் நடப்பது

குட்டி குட்டியாகவே இருந்துவிடாது. சில ஆண்டுகளில் முழு வளர்ச்சி அடைகிறது. ஆண் குரங்கின் கோரைப்பல் கத்திபோல் நீளுகிறது. நேற்றுவரை மடியில் படுத்தது, இன்று பிள்ளையின் கன்னத்தைக் கடிக்கிறது. அதற்குப்பின் கயிறு சங்கிலியாகிறது. சிலர் பல்லையே பிடுங்குகிறார்கள். பிராணியின் உறுப்பைச் சிதைப்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பதை அறிந்தால் இதற்குத் துணிவார்களா? அது இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி. அத்தனை ஆண்டுகளும் சங்கிலியிலா?

அண்டை வீட்டாரின் ஹக்கும் இதில் இருக்கிறது. எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் முழுமையான முஃமினல்லர் என்பது ஹதீஸின் கருத்து. நாசம் செய்து பழகிய பூனை பிறர் கோழியையோ உணவையோ அழித்தால், பகலானாலும் இரவானாலும் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டுமென ஷாஃபிஈ கிதாபுகள் கூறும்போது, கடித்துப் பழகிய குரங்கை வைத்திருப்பவர் தப்ப முடியுமா?

நாட்டுச் சட்டம்

நாட்டுக்குரங்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். குரங்காட்டி வேடிக்கை காட்டுவதும் 1998-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிப்பால் தடையாயிற்று.

2024-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. இராணிப்பேட்டை மாவட்டத்தில் நாய்கள் கடித்துக் குதறிய குரங்குக் குட்டியைக் கால்நடை மருத்துவர் ஒருவர் பல மாதங்கள் சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார். வனத்துறையினர் அதனை வண்டலூர் உயிரியல் பூங்காவில் சேர்த்தபோது, தம்மிடமே தரவேண்டும் என்று அவர் கேட்டார். நீதிமன்றம் இசையவில்லை. உயிரைக் காத்த மருத்துவருக்கே கிடைக்காத உரிமை, வேடிக்கைக்கு வாங்கியவருக்கு எங்கிருந்து வரும்? அந்த மருத்துவர் செய்த சேவை மகத்தானதே. உயிருள்ள எதற்குச் செய்யும் உபகாரத்திலும் நற்கூலி உண்டு. ஆனால் காப்பாற்றுவது வேறு, சொந்தமாக்கிக்கொள்வது வேறு.

நாம் செய்ய வேண்டியவை

1. குரங்குக் குட்டியை விலைக்கு வாங்காதீர்கள். பிள்ளைகள் அழுதாலும் வாங்காதீர்கள்.

2. தாயிழந்த குட்டியோ அடிபட்ட குரங்கோ கிடைத்தால், வனத்துறைக்கு உடனே தெரிவித்து ஒப்படையுங்கள். அதுவரை நிழலும் தண்ணீரும் கொடுப்பது தர்மம்.

3. ஏற்கனவே வளர்த்துவிட்டவர்கள் அதனைத் தூரத்துச் சாலையில் இறக்கிவிட்டு வராதீர்கள். மனிதரிடம் வளர்ந்ததை வேறு கூட்டம் எளிதில் சேர்த்துக்கொள்ளாது. கடித்தே கொன்றுவிடவும் கூடும். அமானிதத்தை ஒப்படைப்பதுபோல் வனத்துறையிடமே ஒப்படையுங்கள்.

4. குரங்கு கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் பூசி விட்டுவிடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

5. சாலையோரக் குரங்குகளுக்கு வண்டியை நிறுத்திப் பழமும் ரொட்டியும் வீசாதீர்கள். அது ஸதகாவன்று. அவற்றைச் சாலைக்கு வரப் பழக்கிச் சக்கரத்தில் சாகவிடுவதாகும்.

6. வற்றலையும் தானியத்தையும் வலைபோட்டு மூடிக் காயவையுங்கள். விரட்டலாம், விஷம் வைப்பதும் கண்ணி வைத்துக் கால் ஒடிப்பதும் ஆகாது.

பிள்ளைகளின் உள்ளத்தில் பிராணிகள்மீது இரக்கம் வளர வேண்டும் என்பதற்காகவே வளர்க்கிறோம் என்று சில தாய்மார்கள் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அந்த இரக்கத்தைக் கற்பிக்க, மதிலின் மேல் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு போகும் குட்டியைக் காட்டி, "அதுவும் உன்னைப்போல உம்மாவிடம் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுங்கள். கயிற்றில் கட்டிய குட்டி அந்தப் பாடத்தைத் தராது.

வல்ல நாயன் நம் உள்ளங்களில் ரஹ்மத்தை நிரப்பி, அவனுடைய படைப்புகளின் ஹக்கைப் பேணி வாழத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.