சாத்தனூர்க் கல்மரமும் காரைக் களிமண்ணும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இருக்கும் கல்மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம்; கோடையில் பெரம்பலூர் வெயில் தாங்காது. சொந்த வண்டி இருந்தால் நல்லது. தண்ணீர், சாப்பாடு, தொப்பி, ஒரு கைலென்ஸ் கையோடு இருக்கட்டும்.

வேலிக்குள் படுத்திருக்கும் அடிமரத்தின் நீளம் 18 மீட்டர். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கரையில் நின்ற ஊசியிலை மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடலடி மண்ணில் புதைந்தது. மண்ணில் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் மெல்லமெல்லப் படிந்து இறுகியது. அதனால்தான் வடிவம் மரமாகவும் பொருள் கல்லாகவும் இருக்கிறது. அதன்மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள்.

அடுத்து காரை என்ற ஊருக்குப் போங்கள். என்னைக் கேட்டால், கல்மரத்தைவிட இதுதான் பெரிய காட்சி. மழைநீர் அறுத்துப்போட்ட களிமண் மேடுகள், புல்கூட அதிகம் இல்லை. குனிந்து பார்த்தால் ஜிப்சம் துண்டுகள் வெயிலில் மின்னும். அவற்றுக்கிடையே துப்பாக்கி ரவை மாதிரிக் கூராகக் கிடப்பவை பெலம்னைட்டுகள். கணவாய் மீனின் பழைய உறவுக்காரனுடைய உள்ளோடு. லென்ஸில் பாருங்கள், படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதையும் அன்றைய கடலையும் கணிக்கிறார்கள். சட்டைப்பைக்குள் போனதும் அது வெறும் கல். மழை பெய்த மறுநாள் இங்கே வராதீர்கள், களி காலை விடாது.

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் நிற்பதற்கும் அந்தக் கடல்தான் காரணம். சிப்பிகளின் ஓடுகள் சேர்ந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லைத்தான் வெட்டுகிறார்கள். சுரங்கத்துக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம். எங்கே போர் போட்டால் தண்ணீர் ஊறும், எங்கே களியில் பணம் வீணாகும் என்பதும் இதே அடுக்குகளைப் படித்தால்தான் தெரியும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவசியம் கூட்டிப்போங்கள். இந்த அடுக்குகளைப் பற்றிய படிப்பான புவியமைப்பியலைச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் திருச்சி தேசியக் கல்லூரியிலும் படிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காரையில் கண்ணால் கண்டதை அங்கே பெயரோடு அடையாளம் காணலாம். திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.