கணினிக்கும் ஒரு பரண்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அடுக்களையில் அப்பளப் பலகையும் குழவியும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். விசேஷத்துக்கு மட்டும் இறங்கும் பெரிய உருளி பரணில் கிடக்கும். கணினியிலும் இப்படித்தான். வேலை நடக்கும் இடம் நினைவகம். அது நிரம்பும்போது, அப்போதைக்கு வேண்டாதவற்றை வன்தட்டில் ஒதுக்கிவைக்கும் பரணே 'ஸ்வாப்'.

அந்தப் பரண் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

அக்காவின் பழைய மடிக்கணினியில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்தை அதில் நிறுவினோம். வன்தட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று ஸ்வாப் ஒதுக்கவில்லை. தவறு எங்களுடையதே. நினைவகம் தீர்ந்துபோனால், கணினி முழுதும் நின்றுவிடாதிருக்க லினக்ஸ் ஏதேனும் ஒரு செயலியை மூடிவிடும். அன்று மூடப்பட்டது, நான் சேமிக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்த கட்டுரை!

'நினைவகத்தைப்போல் இருமடங்கு' என்பது நினைவகம் மிகக் குறைவாயிருந்த காலத்துக் கணக்கு. 16 ஜி.பி. உள்ள கணினிக்கு 32 ஜி.பி. ஒதுக்குவது பெரும்பாலும் வீண். ஸ்வாப் பெருகினால் வேகம் பெருகாது. வன்தட்டு நினைவகத்தைவிட மிக மெதுவானது. ஒவ்வோர் அப்பளத்துக்கும் பரணில் ஏறிப் பலகையை இறக்கினால் வேலை ஓடுமா?

மின்சாரம் போகுமுன் நினைவகத்தில் உள்ளதை அப்படியே வன்தட்டில் எழுதிவிட்டு அணைக்கும் வசதியும் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதற்கே ஏறக்குறைய 2 ஜி.பி. தேவை. அன்றாடப் புழக்கத்துக்கு இன்னொரு 2 ஜி.பி. சேர்த்து, மொத்தம் 4 ஜி.பி. ஒதுக்கினோம். பழைய கணக்கே வந்துவிட்டது என்று அக்கா சிரித்தாள். எவ்வளவு செலவாகிறது என்பதை 'ஃப்ரீ' என்ற கட்டளை காட்டுகிறது. பற்றாவிட்டால் ஸ்வாப் கோப்பு ஒன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவவேண்டியதில்லை.