பக்கத்துக் காட்டு மகரந்தம் கெடுக்குமா?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் வீரிய ஒட்டுச் சூரியகாந்தி பூக்கத் தொடங்கியிருக்கிறது. வேலிக்கு அப்பால் வேறு ரகம். தேனீக்கள் இரண்டு காட்டிலும் மாறி மாறி உட்காருகின்றன. கலந்துவிட்டால் விதை நிறம் மாறி, எண்ணெய் குறைந்து, வியாபாரி தள்ளிவிடுவாரோ? போன வருடமே கொண்டையின் நடுவெல்லாம் பொக்கு. தேனீ அண்டாமலிருக்க மருந்து அடிக்கலாமா?
– பெ. ரா., வேடசந்தூர்

பதில்: அன்புள்ள பெ. ரா., மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். விற்பனைக்கு வளர்க்கும் சூரியகாந்தியைப் பக்கத்துக் காட்டு மகரந்தம் கெடுக்காது. உங்கள் மகசூலே அந்தத் தேனீக்களை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு கொண்டையை உற்றுப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி, தினம் சில வரிசையாக மலர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சிறுபூவிலும் மகரந்தம் முதலில் வெளிவரும். சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) அதற்குப் பிறகுதான் விரியும். இன்றைய ஒட்டு ரகங்கள் தன் மகரந்தத்தையும் ஓரளவு ஏற்கும் என்றாலும், அயல் மகரந்தச் சேர்க்கை (வேறு செடியின் மகரந்தம் வந்து சேர்வது) நடந்தால்தான் மணி நன்றாகப் பிடிக்கும். சேராத இடத்தில் தோடு மட்டும் வளரும். நீங்கள் கண்ட பொக்கு பெரும்பாலும் அதுதான். பூக்கும் சமயத்தில் தண்ணீர் தட்டினாலும், போரான் சத்து குறைந்தாலும் நடுப்பகுதி பொக்காகும்.

தோடு தாய்ச்செடியின் உறுப்பு. அதன் நிறமும் கோடும் இந்த விளைச்சலில் மாறாது. உள்ளே இருக்கும் பருப்புதான் இரண்டு செடியும் சேர்ந்து உண்டான கரு. எண்ணெயின் தன்மையில் மகரந்தத்துக்கும் பங்குண்டு. ஆனால் ஓலிக் அமிலம் மிகுந்த தனி ரகம் போட்டவர்தான் அதற்குக் கவலைப்பட வேண்டும். இரு காட்டிலும் சாதாரண எண்ணெய் ரகம் என்றால் வியாபாரிக்கு வித்தியாசமே தெரியாது. விளைந்ததை அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்துவைக்காதீர்கள். பயிர் ஒன்றுபோல வராது. அது ஒட்டு விதையின் இயல்பு, அண்டைக் காட்டுக்காரர் மேல் தவறில்லை.

இப்போது செய்ய வேண்டியது: காலை 9 முதல் 11 மணிக்குள், மெல்லிய மஸ்லின் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, கொண்டை கொண்டையாக மெதுவாகத் தடவிச் செல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கொண்டைகளை முகத்தோடு முகம் லேசாகத் தேய்த்தாலும் சரி. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி கிடைத்தால் இந்த வேலை மிச்சம். வெளியிதழ் விரியும் கட்டத்தில் லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கலந்து கொண்டை நனையத் தெளியுங்கள்.

தாங்க முடியாத அளவு புழு விழுந்தால் மட்டும், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு மாலையில் மருந்தடியுங்கள். வேலிக்கு அப்பால் இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள். அவர் காலையில் அடித்தாலும் உங்கள் கொண்டையும்தான் பொக்காகும்.