நார் மக்கும், ரெசின் மக்குமா?

நம்பிக்கை: சணலோ பருத்தியோ கலந்து செய்த பலகை, தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

உண்மை: நார் மக்கும். அந்த நாரை இறுகப் பிடித்திருக்கும் ரெசின் பெரும்பாலும் மக்காது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபன்ட் காரே இதற்குச் சாட்சி. எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், கழிவுப் பருத்தியையும் ஃபீனால் ரெசினையும் சேர்த்துச் சூடான அச்சில் அழுத்திக் கதவு, பானெட், கூரை என்று வெளித்தகடுகளைச் செய்தார்கள். உள்ளே மட்டும் எஃகுச் சட்டம். வெளித்தகடு துருவே பிடிக்காது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. பெர்லின் சுவர் விழுந்த பிறகு அவற்றைக் கழித்துக்கட்டும்போதுதான் தொல்லை தெரிந்தது. ஃபீனால் ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. எரித்தாலோ நச்சுப் புகை. அதில் இருந்த பருத்தி செடியில் விளைந்ததுதான், ஆனாலும் அந்தத் தகடு மக்கவில்லை.

நம்பிக்கை: செடி நாருக்குப் பலம் போதாது.

உண்மை: இப்படி ஒதுக்குவது அநியாயம். இழுத்து அறுக்கும் பலத்தில் கண்ணாடி இழை முந்தும். ஆனால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், ஆளி நாருக்கு 1.5தான். எடைக்கு எடை விறைப்பைப் பார்த்தால் ஆளி ஈடுகொடுக்கும். அதனால்தான் ஐரோப்பியக் கார்க் கதவுகளின் உட்பலகையில் அது இடம்பிடித்தது. பொள்ளாச்சிப் பக்கம் குவியும் தென்னை நார் வேறு ரகம். பலம் குறைவு, ஆனால் அறுவதற்கு முன் நன்றாக நீளும். அதை மெத்தைக்கும் இருக்கைக்கும் கொடுப்பதே முறை.

நம்பிக்கை: அப்படியானால் ஃபைபர் படகையும் நாரிலேயே கட்டலாம்.

உண்மை: கடலில் உயிரை வைத்துப் பிழைப்பவர்களிடம் இதை அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. செல்லுலோஸ் ஈரத்தை உறிஞ்சும். பூச்சு பெயர்ந்த இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் நீர் புகுந்தால் நார் உப்பி, ரெசினை விட்டு விலகும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் மேலிருக்கும் மெழுகு போய்ப் பிடிப்பு கூடும். ஈரம் உறிஞ்சுவது குறையுமே தவிர நிற்காது. கழுவிய காரத் தண்ணீரையும் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும்.

‘இயற்கை நார்’ என்று சொல்லிப் பலகையோ நாற்காலியோ விற்றால், எந்த நார் என்று கேட்ட கையோடு எந்த ரெசின் என்றும் கேளுங்கள். பதில் வராத கடையில் ‘மக்கும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள்.