பாசிமணி பிறந்த கதை
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

திருவிழாக் கடைகளில் வண்ண வண்ணமாய்த் தொங்கும் பாசிமணி மாலைகளைக் காணாதவர் நம்மில் எவரும் இலர். ஆனால், கடுகினும் சற்றே பெரிய அந்த மணிக்குள் நூல் நுழையும் துளையை இட்டவர் யார், எப்படி இட்டார் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? நானும் எண்ணிப் பார்த்ததில்லை. பேராசிரியர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை எண்ண வைத்தது.

என் ஆயாவின் ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டுக்கு அருகில் உள்ளது. மழை ஓய்ந்த மறுநாள் அங்கே கரையோர மண்ணில் சிவப்பும் நீலமுமாய்ச் சிறு மணிகள் தலைகாட்டும். ஆயா சிறுமியாக இருந்தபோது பொறுக்கியவற்றைச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். சிறு வயதில் நானும் பொறுக்கியிருக்கிறேன். முழு மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உடைந்த குழல் துண்டுகளையும், ஒன்றோடொன்று ஒட்டிப்போன மணிகளையும் குப்பையென்று ஆற்றில் வீசிவிடுவேன்.

சென்ற ஆண்டு அம்மணிகளை வகுப்பிற்குக் கொண்டுவந்தேன். பேராசிரியர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மணி அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. இதோடு குழல் துண்டு ஏதும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். அக்கேள்வியின் பொருளை உணர, மணி செய்யும் முறையை நாம் முதலில் அறிய வேண்டும்.

கண்ணாடியும் நிறமும்

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். தூய மணல் தனியே உருக ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பண்டைய உலைகளுக்கு அது எட்டாத வெப்பம். மணலோடு சோடா உப்பைச் சேர்த்தால் மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். சுண்ணாம்புச் சத்தும் கலந்திருந்தால்தான் அக்கண்ணாடி நீர்பட்டுக் கெடாமல் நிலைக்கும்.

நிறத்தைத் தருவன உலோகங்கள். கோபால்ட் சிறிதளவு சேர்ந்தாலே கருநீலம் கிட்டும். தாமிரமோ விந்தையானது. உலையில் காற்று தாராளமாக இருந்தால் பசுநீல நிறம் தரும். காற்றைக் குறைத்தால் அதே தாமிரம் செங்கற்சிவப்பைத் தரும். நெருப்பை ஆளத் தெரிந்தவனே நிறத்தை ஆள முடியும்!

துளை வந்த வழி

மணி செய்யும் முறைகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, உருகிய கண்ணாடியை ஒரு கம்பியின்மேல் சுற்றி, ஆறியபின் கம்பியை உருவிவிடுவது. இதில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே சுற்ற வேண்டும். மற்றொன்று குழலாக இழுக்கும் முறை. ஆந்திரத்தில் திருப்பதிப் பக்கமுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் உயிரோடு இருந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியுள்ளனர்.

'லாடா' எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் இளகிய கண்ணாடியைத் திரட்டிக் கூம்பாக உருட்டுவர். குழாயின் வழியே ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளை உண்டாக்குவர். பிறகு லாடாவை உலைக்குள் வைத்துச் சுழற்ற, எதிர்ப்புறத் துவாரத்தின் முன் அமர்ந்திருக்கும் கைதேர்ந்த தொழிலாளி கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி வெளியே இழுப்பார். கண்ணாடி நீண்டுகொண்டே வரும். நடுவிலுள்ள துளையும் அதனோடு நீளும். ஆக, மணிகளில் எவரும் தனித்தனியே துளையிடவில்லை. கூம்பில் இட்ட ஒரே துளைதான் ஆயிரமாயிரம் மணிகளின் துளையாகிறது! வேகமாக இழுத்தால் குழல் மெலியும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். அங்கே அளவுகோல் அவருடைய கைதான்.

குழல்களை ஆறவைத்துக் கற்றையாகப் பிடித்து, கூரிய உளியின்மேல் வைத்துச் சிறு துண்டுகளாக நறுக்குவர். அவற்றின் முனைகள் கையைக் கிழிக்கும். எனவே துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். முனைகள் மழுங்கி மணி உருளும். துளைக்குள் புகுந்த சாம்பல் துளை அடைபடாமலும், மணிகள் ஒட்டாமலும் காக்கும். பின்னர் சாம்பலை நீக்கி, சலித்து, கோத்துவிட்டால் மாலை ஆயத்தம்.

இவ்விரு வகை மணிகளையும் வேறுபடுத்தும் வழி எளிது. உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகளும் கோடுகளும் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால் அது இழுத்த மணி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால் சுற்றிய மணி. ஆயாவின் மணிகளில் கோடுகள் துளையின் போக்கிலேயே ஓடின.

குப்பை சொல்லும் உண்மை

அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு நடத்தினர். உரோமானிய மட்பாண்டங்களால் உலகறிந்த அவ்விடம் மணித் தொழிற்கூடமாகவும் விளங்கியது. இத்தகைய இழுத்த மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா, சப்பான் வரை கிடைப்பதால், பீட்டர் பிரான்சிசு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் இயோ போன்ற ஊர்களிலும் இவை செய்யப்பட்டன.

அப்படியாயின், கையிலுள்ள ஒரு மணி எங்கே பிறந்தது? மணியைப் பார்த்த அளவில் சொல்லிவிட முடியாது. அது கடல் கடந்தும் வந்திருக்கலாம். ஆனால் உடைந்த குழலையும், உலையில் ஒட்டிக் கெட்டுப்போன மணிகளையும் எந்த வணிகனும் கப்பலேற்றி விற்கமாட்டான். அவை கிடக்கும் இடமே தொழில் நடந்த இடம். நான் அழகை எடுத்துக்கொண்டு சான்றை ஆற்றில் எறிந்திருக்கிறேன்! எடுத்த மணிகளும் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பது தெரியாமையால் அவற்றின் காலத்தைச் சொல்ல இயலாமல் ஊமையாகிவிட்டன.

இதை ஆயாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப அந்த உடைசல்தான் செஞ்சவன் கைபட்டதுன்னு சொல்லுது, இல்லையா?" என்றார். நான் பல பக்கங்களில் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அரிக்கமேடு இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாணவ நண்பர்களே, நம் ஊர் மேடுகளில் இன்னும் எத்தனையோ உடைசல்கள் கிடக்கின்றன. அவற்றைக் கண்டால் பொறுக்காதீர்கள். கிடக்கும் இடத்திலேயே விட்டு, அறிந்தவர்க்குத் தெரிவியுங்கள். அந்த மணிகளைச் செய்தவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற குப்பையையேனும் நாம் காப்போமாக!