கணப்பும் காவலும்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் புல்வெளிகள் விடியற்பொழுதில் வெண்மை போர்த்திக் கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அந்நாள்களில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்; தேயிலைக் கொழுந்துகள் உறைபனியில் கருகும். சமவெளியில் வாழ்வோர் ஒரு போர்வையைக் கொண்டே பனிக்காலத்தைக் கடந்துவிடுவர். மலையில் வாழ்வோருக்கோ நெருப்பு வேண்டும்.

இவ்வழக்கம் புதிதன்று. கூதிர்க்காலத்து மக்கள் குளிர்ந்த நீரை விலக்கி, 'தடவு' எனும் அகன்ற வாயுடைய கலத்தில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. அந்நூலில் கதவுகளும் தாழிடப்பட்டே இருக்கின்றன. குளிர் மிகுந்தால் கதவை அடைப்பதும் உள்ளே நெருப்பை வைப்பதும் மனித இயல்பு. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இடர் பிறக்கிறது.

கரி நெருப்பில் கனன்ற பிறகு புகை அதிகம் எழுவதில்லை. புகை இல்லாததால் தீங்கும் இல்லை என நம்பிக் கணப்புச் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுசெல்கின்றனர். அடைபட்ட அறையில் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வளியை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் எச்சரிக்கையாகத் தோன்றும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டுவதில்லை. கணப்புடன் அறையைத் தாழிட்டு உறங்கியோர் மறுநாள் எழாத துயரங்கள் மலைவாழிடங்களில் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ளன. சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்பர் சிலர். அது போதாது. உறங்குமுன் கணப்பை அறையைவிட்டே அகற்றுதல் வேண்டும்.

மின்கணப்பில் இவ்வளி தோன்றாது. ஆனால் தீ தோன்றலாம். 2,000 வாட் திறனுடைய கணப்பு, 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கும் கைப்பேசிக்கும் உரிய 6 ஆம்பியர் செருகுவாயோ மெல்லிய நீட்டிப்புக் கம்பியோ அதைத் தாங்கா. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கம்பியின் உறை உருகித் தீப்பற்றுவது இக்கணக்கின் விளைவே. ஆகவே 16 ஆம்பியர் செருகுவாயில் கணப்பை நேரடியாகப் பொருத்துவதே முறை.

மழையும் பனியும் மாறிமாறி வரும் ஊர்களில் துணி உலர்வது அரிது. பள்ளிச் சீருடையைக் கணப்பின்மேல் விரித்துவிட்டுச் சமையலறைக்குச் செல்லும் வீடுகள் பல. நீர் வற்றும்வரை அத்துணிக்கு ஒன்றும் நேராது. வற்றிய பின் அதுவே எரிபொருள். துணி, திரைச்சீலை, மெத்தை ஆகியவற்றுக்கும் கணப்புக்கும் இடையே ஒரு மீட்டர் தொலைவேனும் இருத்தல் வேண்டும். தணியும் நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பற்றித் தனியே கூற வேண்டியதில்லை.

நீறுபூத்த நெருப்பு என்னும் தொடரைப் பேச்சில் உவமையாகவே கையாளுகிறோம். விறகு எரித்த வீட்டில் அது உண்மைப் பொருள். மேலே குளிர்ந்து தோன்றும் சாம்பலின் அடியில் தணல் மறுநாளும் உயிரோடிருக்கலாம். அதை அட்டைப் பெட்டியிலோ சாக்கிலோ அள்ளுவோர் தீயையே அள்ளுகின்றனர். மூடியுள்ள உலோகக் கலத்தில் இட்டு, நீர் தெளித்து, வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி வெளியே வைத்தல் வேண்டும். மீறித் தீ பரவினால் முதலில் வீட்டிலுள்ளோர் அனைவரும் வெளியேற வேண்டும். அதன் பின்னரே தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.